ஓவியத்தில் கறுப்புத் திட்டு, ஜாடியில் ஒன்றுமில்லை: எதை நம்புவது?

வாசகர் கேள்வி: அண்மையில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியமும் பூ வேலைப்பாடுள்ள பீங்கான் ஜாடியும் வாங்கினேன். ஓவியம் 1880களைச் சேர்ந்த இயற்கைக் காட்சி. ஆற்றங்கரையில் ஒரு பெண் நிற்கிறாள், கீழே வலது மூலையில் கையெழுத்து இருக்கிறது. இரண்டையும் ‘யார் கையும் படாத அசல்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். பிறகு ஒரு புற ஊதா டார்ச் வாங்கி அடித்துப் பார்த்தேன். ஓவியத்தின் வானத்தில் மூன்று கறுப்புத் திட்டுகள், கீழ் ஓரத்தில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. ஜாடியில் ஒன்றுமே தெரியவில்லை. ஓவியம் போலி, ஜாடி சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு ஒரு திட்டைத் துடைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? என் மகன் பழைய காமிக்ஸும் தபால்தலையும் சேர்க்கிறான். அவனுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த அசிட்டோன் பாட்டிலை மூடி எடுத்து வையுங்கள். பின்னால் யாரோ பூசிய டச்-அப்பை, அதாவது சேதத்தை மறைக்கத் தொட்டு வைத்த வண்ணத்தை, அது கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மேலிருக்கும் வார்னிஷையும் கரைக்கும். ஓவியர் கடைசியாகப் பிசின் கலந்து மெல்லிசாகப் பூசிய சாயப் படலம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போகும். பஞ்சில் நீலம் ஒட்டி வந்துவிட்டால், அது 1880இல் ஓவியர் வைத்த நீலமா, பின்னால் யாரோ வைத்ததா என்று பஞ்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓவியச் சீரமைப்பாளர்களான நாங்களும் கரைப்பான் சோதனை செய்கிறோம். நுண்ணோக்கிக்குக் கீழே, சட்டம் மறைக்கும் ஓரத்தில், கடுகளவு இடத்தில், வீரியம் குறைந்த கரைப்பானில் தொடங்கிப் படிப்படியாகப் போவோம். வானத்தின் நடுவில் போய்த் துடைப்பது சோதனையே ஆகாது.

இனி உங்கள் முடிவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஓவியத்தைவிட ஜாடியைப் பற்றித்தான் கவலை அதிகம். ஓவியம் தன்மேல் நடந்த வேலையை விளக்கு அடித்ததும் காட்டிவிட்டது. ஜாடி இன்னும் வாயே திறக்கவில்லை.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஓவியங்களுக்கு மாஸ்டிக், அல்லது நம் குங்கிலிய வகையைச் சேர்ந்த டாமர் போன்ற மரப்பிசின்களைக் கரைத்து வார்னிஷ் பூசுவார்கள். அந்தப் பிசின் வயதாக ஆக ஆக மஞ்சளிக்கும். புற ஊதா ஒளி பட்டால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரவும் தொடங்கும். அந்த ஒளிர்வு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வருவது, ஓவியம் முழுக்க மெல்லிய பச்சை மூட்டமாகத் தெரியும். இந்த வார்னிஷின் மேல் பிற்காலத்தில் ஒருவர் வண்ணம் தொட்டு வைத்தால், அந்த இடம் கீழிருக்கும் ஒளிர்வை மறைத்துக் கறுப்பாகவோ கருநீலமாகவோ தெரியும். ஆகவே நீங்கள் பார்த்த திட்டுகள் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: இங்கே உள்ள வண்ணம் இந்த வார்னிஷைவிடப் புதியது. ஓவியம் போலி என்று அவை சொல்லவில்லை. சொல்லப்போனால், பழைய வார்னிஷ் இருந்தால்தானே அதன்மேல் புதிய திட்டு கறுப்பாகத் தெரியும்?

இதிலும் எச்சரிக்கை வேண்டும். எல்லாக் கறுப்பும் டச்-அப் அல்ல. சில நிறமிகளின் இயல்பே அப்படி. டைட்டானியம் வெள்ளை புற ஊதாவை விழுங்கிக்கொண்டு இருண்டு தெரியும், துத்தநாக வெள்ளை மஞ்சள் பச்சையாகப் பளிச்சிடும். மஞ்சிட்டி வேரிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் ஆரஞ்சுச் சாயலில் ஒளிரும். அரக்கிலிருந்து செய்த ஷெல்லாக் பூசியிருந்தால் அதுவும் ஆரஞ்சாகத் தெரியும். மேலே ஒட்டிய தூசியும் பஞ்சு இழையும் நீலப் புள்ளிகளாக மின்னும், அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மறுபக்கம், கறுப்பு இல்லாததால் வேலை நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. டச்-அப் செய்துவிட்டு அதன்மேல் இன்னொரு கை வார்னிஷ் பூசி, அதற்கும் வயதாகிவிட்டால், கீழே இருப்பதைப் பச்சை மூட்டம் மூடிவிடும். விளக்கை ஏமாற்றுவதற்கென்றே புற ஊதாவை உறிஞ்சும் பொருள் சேர்த்த வார்னிஷைப் பூசுகிறவர்களும் உண்டு. ஓவியம் மூலைக்கு மூலை ஒரே சீராகப் பச்சையாக, கொஞ்சம் பால் கலந்தாற்போலத் தெரிந்தால் நான் கூடுதலாகவே சந்தேகப்படுவேன். அதற்கு நேர்மாறான இன்னொரு காட்சியும் உண்டு. பெண்ணின் முகத்திலும் ஆடையிலும் மூட்டமே இல்லாமல், மரங்களிலும் நிழலிலும் மட்டும் அடர்த்தியாகத் தெரியும். பார்க்கிறவர் கண் விழும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டு மீதியை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் அழுத்தித் துடைத்ததில் மேல் வண்ணம் தேய்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் டார்ச்சைப் பற்றியும் கேட்க வேண்டும். அதில் 365 என்று போட்டிருக்கிறதா, 395 என்றா? அது நானோமீட்டரில் அலைநீளம். 395 வகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமும் நிறைய வரும், மெல்லிய ஒளிர்வு அதில் அமுங்கிப்போகும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி பொருத்திய 365தான் இந்த வேலைக்கு ஏற்றது. அறையை முழுக்க இருட்டாக்கி, கண் பழகச் சில நிமிடம் காத்திருந்து பாருங்கள். புற ஊதா தடுக்கும் கண்ணாடி அணியுங்கள், விளக்கைக் கண்ணுக்கு நேரே காட்டவே கூடாது. ஜாடி ஒன்றும் சொல்லாததற்கு டார்ச்சே காரணமாகவும் இருக்கலாம்.

விளக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சாதாரண வெள்ளை டார்ச்சும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் இருந்தால் இன்னும் நிறைய தெரியும். வெள்ளை டார்ச்சை ஓவியப் பரப்போடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்து அடியுங்கள். மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். வண்ணம் உதிர்ந்த பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்திருந்தால், அந்த இடம் மட்டும் வழவழப்பாகவோ சற்றே உப்பியோ அமுங்கியோ தெரியும். சுற்றிலும் தூரிகைத் தடமும் துணியின் நெசவும் இருக்க, அங்கே மட்டும் இருக்காது. வானத்துத் திட்டுகள் மூன்றையும் இப்படிப் பாருங்கள். அடியில் பட்டி இருந்தால் அங்கே அசல் வண்ணம் இல்லாமல் போயிருக்கிறது. பட்டி இல்லாமல், நெசவும் தடமும் தொடர்ந்து போனால், கறையையோ தேய்மானத்தையோ மறைக்க அசல் வண்ணத்தின் மேலேயே பூசியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது வகை உங்களுக்கு நல்ல செய்தி, ஏனென்றால் அடியில் அசல் இன்னும் இருக்கிறது.

அடுத்து விரிசல்கள். இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். வயதான எண்ணெய் வண்ணத்தில் வலை போன்ற விரிசல் இருக்கும். அது மேல்தோலில் மட்டும் ஓடுவது இல்லை, பெரும்பாலும் அடியிலுள்ள வெள்ளைப் பூச்சு வரைக்கும் போகும். ஒரு விரிசலைப் பிடித்துக்கொண்டு லென்ஸ் வழியாக அதன் போக்கிலேயே போங்கள். திட்டின் விளிம்புக்கு வந்ததும் என்ன ஆகிறது? சட்டென்று நின்றுபோனால் அங்கே பட்டி இருக்கலாம். விரிசலுக்குள் வண்ணம் வழிந்து இறங்கி இருந்தாலோ, இரு கரைக்கும் பாலம் போட்டது போல அதன் மேலாகப் பூச்சு போயிருந்தாலோ, விரிசல் விழுந்த பிறகுதான் அந்த வண்ணம் வந்தது. இதை மறைக்கப் பட்டியின் மேல் ஊசியால் கீறியோ மெல்லிய தூரிகையால் கோடு போட்டோ விரிசல் ‘உண்டாக்கி’யிருப்பார்கள். லென்ஸில் பார்த்தால் கீறிய கோட்டின் இரு கரையும் கொஞ்சம் எழும்பி நிற்கும், வரைந்த கோட்டுக்கு ஆழமே இருக்காது.

ஓர் அடுக்கு எப்போது வந்தது என்பதை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய அழுக்குகூடக் காட்டிக்கொடுக்கும். ஜெர்மனியின் டிரெஸ்டன் கலைக்கூடத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது, சன்னலருகே நின்று கடிதம் படிக்கும் பெண். அவளுக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சுவரில் மன்மதன் உருவம் மறைந்திருப்பதை 1979இலேயே எக்ஸ்ரே காட்டிவிட்டது. வெர்மீரே மனம் மாறி அதை அழித்திருப்பார் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2017இல் தொடங்கிய சீரமைப்பின்போது, மன்மதனுக்கும் மேலே இருந்த சுவர் வண்ணத்துக்கும் நடுவே பழைய வார்னிஷும் அழுக்குப் படலமும் இருப்பது தெரிய வந்தது. அப்படியென்றால் அந்த ஓவியம் வரைந்து முடித்து, வார்னிஷ் பூசி, ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கிய பிறகுதான் யாரோ மன்மதனை மூடியிருக்க வேண்டும். வெர்மீர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நடந்த வேலை அது என்று முடிவு செய்து மேல்பூச்சை நீக்கினார்கள். 2021இல் மன்மதனோடு சேர்த்து அந்த ஓவியம் பார்வைக்கு வந்தது.

மேல்பூச்சு மிகப் பழையதாகிவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். பெல்ஜியத்தின் கெண்ட் நகரத் தேவாலயத்துக்காக வான் ஐக் சகோதரர்கள் 1432இல் முடித்த பலிபீட ஓவியத்தில், நடுவே நிற்கும் ஆட்டுக்குட்டியின் முகத்தின்மேல் 16ஆம் நூற்றாண்டிலேயே வேறொரு முகம் தீட்டிவிட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் தலையைச் சுற்றியிருந்த பச்சைப் பூச்சை மட்டும் நீக்கியபோது அசல் காதுகளும் வெளிப்பட்டன. அதன்பின் பல ஆண்டுகள் அந்த ஆட்டுக்குட்டி நான்கு காதுகளோடுதான் நின்றது. அண்மைக்காலச் சீரமைப்பில்தான் மேல்பூச்சு முழுவதும் நீங்கி அசல் முகம் தெரிந்தது. அவ்வளவு பழைய பூச்சு அசலோடு சேர்ந்தே விரிசல் விட்டு, அசலைப் போலவே முதிர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க டார்ச் போதாது.

உங்கள் ஓவியத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். முன்பக்கத் திட்டுக்கு நேர் பின்னே துணி ஒட்டுப் போட்டிருந்தால் அங்கே கிழிசல் இருந்தது என்று அர்த்தம். முழுத் துணிக்கும் பின்னால் இன்னொரு துணி ஒட்டியிருந்தாலும் திகைக்க வேண்டாம். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பசையாலோ மெழுகும் பிசினும் கலந்த கலவையாலோ இப்படி ஒட்டுவது வெகு சாதாரணம். அதில் பார்க்க வேண்டியது வேறு. ஒட்டும்போது சூடும் அழுத்தமும் மிஞ்சிவிட்டால், ஓவியர் தடிப்பாக அப்பி வைத்த வண்ண மேடுகள் நசுங்கித் தட்டையாகிவிடும். அந்த இழப்பை எந்தச் சீரமைப்பாலும் திருப்பித் தர முடியாது. வானத்தில் மூன்று திட்டுகள் இருப்பதைவிட எனக்கு இதுதான் பெரிய சேதம்.

நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது: கையெழுத்து. அதன்மேல் விளக்கு அடித்தீர்களா? கறுப்பு வண்ணத்தில் போட்ட கையெழுத்து எப்படியும் இருட்டாகத்தான் தெரியும், அதனால் நிறத்தைப் பார்க்காதீர்கள். பச்சை மூட்டம் கையெழுத்தின் மேலே படர்ந்திருக்கிறதா, இல்லை கையெழுத்து மூட்டத்தின் மேலே மிதக்கிறதா என்று பாருங்கள். பிறகு லென்ஸ் வையுங்கள். கையெழுத்தின் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு விரிசல் போக வேண்டும். கோட்டின் மை விரிசலுக்குள் இறங்கியிருந்தால் ஓவியம் முதிர்ந்த பிறகு யாரோ பெயர் சேர்த்திருக்கிறார்கள். வானத்துத் திட்டுகளை நான் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன். இது பழுது பார்த்தது இல்லை, விலை ஏற்றியது.

நிறமியைக் கொண்டு காலம் கணிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். டைட்டானியம் வெள்ளை 1920களின் தொடக்கத்தில்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது. உங்கள் 1880கள் ஓவியத்தின் மூன்று திட்டுகளில் மட்டும் அது இருந்தால், அந்தத் திட்டுகள் பிற்காலத்தவை. அவ்வளவுதான். பெண்ணின் ஆடையிலும் ஆற்று நீரிலும், விரிசலுக்கு அடியில் உள்ள வண்ணத்திலும் அது கலந்திருந்தால் ஓவியத்தின் காலமே பொய். ஜெர்மன் ஓவியர் காம்பென்டோங்க் 1914ஆம் ஆண்டு வரைந்ததாகச் சொல்லி 2006இல் ஏலம் போன ஒரு ஓவியம் இப்படித்தான் மாட்டியது. ஆய்வில் டைட்டானியம் வெள்ளை கிடைத்தது, விசாரணை வளர்ந்தது, அதை வரைந்த வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி 2011இல் தண்டனை பெற்றார். ஆகவே புதுப் பொருள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். எங்கே இருக்கிறது, எந்த அடுக்கில் இருக்கிறது என்பது மீதிப் பாதி.

உங்கள் திட்டுகளை எப்படி மதிப்பிடுவது? மூன்றும் வானத்தில், நாணய அளவில் இருந்தால், ஓவியரின் கைத்திறன் இருக்கும் இடங்கள் தப்பித்துவிட்டன. கீழ் ஓரத்துப் பட்டை பெரும்பாலும் சட்டத்தின் உரசலால் வந்த தேய்மானத்தை மூடியதாக இருக்கும், அதைப் பொருட்படுத்தவே மாட்டேன். பெண்ணின் முகத்தில் நகக்கண் அளவு கறுப்பு இருந்தால் அது இவை எல்லாவற்றையும் விடக் கனமானது, ஏனென்றால் அங்கே நாம் பார்ப்பது சீரமைத்தவரின் முகம். திட்டின் எல்லையையும் கவனியுங்கள். நல்ல கை பள்ளத்தின் விளிம்போடு நிறுத்திக்கொள்ளும். மோசமான கை நிறம் பொருந்தாததை மறைக்கச் சுற்றியுள்ள நல்ல வண்ணத்தின் மேலும் பரப்பிக்கொண்டே போகும்.

எங்கள் தொழிலில் மறைக்காமல் சீரமைப்பதற்கென்றே ஒரு மரபு உண்டு. ரோமில் 1939இல் தொடங்கிய மத்திய சீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர் செசாரே பிராந்தி. அங்கே உருவான டிராட்டெஜ்ஜோ என்ற முறையில், உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் கண்ணுக்குப் படம் முழுமையாகத் தெரியும், கிட்டே போனால் கோடுகள் தெரியும், எது அசல் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. இன்றைக்கு நல்ல சீரமைப்பாளர் எவரும் பின்னால் எளிதில் நீக்கிவிடக்கூடிய வண்ணத்தில்தான் தொடுவார், செய்ததைப் படத்தோடு எழுதியும் வைப்பார். அதனால்தான் ‘யார் கையும் படாத’ என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வயதுடைய எண்ணெய் ஓவியங்களில் பெரும்பாலானவை ஒருமுறையாவது துடைத்தவை, வார்னிஷ் பூசியவை, அல்லது துணி ஒட்டியவை. சீரமைத்ததில் குற்றமில்லை, சொல்லாமல் விற்றதுதான் குற்றம். உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம். அதைத் திட்டின்மேல் காட்டாமல் விற்றவரிடம் காட்டுங்கள்.

இனி ஜாடி. உடைந்த பீங்கானை ஒட்டி, நிரப்பி, காற்றுத் தூரிகையால் நிறம் தெளித்து, மேலே பளபளப்பு கொடுத்துவிட்டால் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். பழைய பசைகளும் பிசின்களும் புற ஊதாவில் பால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பளிச்சிடும் என்பதால் அவை சிக்கிக்கொள்ளும். பின்னால் வந்த சில பூச்சுகள் பீங்கானின் மெருகோடு (சூளையில் சுட்டு வந்த கண்ணாடிப் படலத்தோடு) ஒத்துப்போய் வித்தியாசமே காட்டாது. அதனால் கை, காது, வெள்ளை டார்ச் மூன்றையும் வைத்துப் பாருங்கள்.

இருட்டறையில் சிறிய எல்.இ.டி. விளக்கொன்றை ஜாடிக்குள் இறக்குங்கள். பீங்கான் மெல்லியதாக இருந்தால் ஒளி ஊடுருவித் தெரியும். நிரப்பிய இடம் ஒளி விடாமல் நிழலாகத் தெரியும், ஒட்டிய இணைப்பு மயிரிழைக் கோடாக ஓடும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி ஜாடிகளின் கதை முடிந்துவிடும். பிறகு ஜாடியை மெத்தென்ற துணிமேல் நிறுத்தி, விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். விரிசல் இல்லாத பீங்கான் கணீரென்று ஒலித்து ஓசை நீளும், விரிசலோ ஒட்டோ இருந்தால் சொத்தென்று அமுங்கும். (தடித்த மண்பாண்டங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.) கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் முழுவதும் தடவுங்கள், கன்னத்தையும் வைத்துப் பாருங்கள். மெருகு என்பது கண்ணாடி, சில்லென்று இருக்கும். பிசின் பூச்சு தொட்டதுமே வெதுவெதுப்பாகி, கொஞ்சம் ரப்பர்த்தனமாக உணர்த்தும்.

லென்ஸ் வழியே பார்க்கும்போது மெருகுக்கு உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் தெரியலாம். பின்னால் வைத்த பூச்சில் தூசியோ தூரிகை மயிரோ சிக்கியிருக்கும், தெளித்த நிறத்தின் விளிம்பு புகைபோலக் கரைந்து முடியும். ஜாடி முழுக்கப் புழங்கிய கீறல்கள் இருக்க, ஒரு கையளவு இடம் மட்டும் கீறலே இல்லாமல் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். வாய் விளிம்பு, கழுத்து, கைப்பிடி, மூடியின் குமிழ் ஆகிய உடையும் இடங்களை முதலில் பாருங்கள். இணைப்புக் கோட்டின் இருபுறமும் எதிரெதிராகச் சின்னப் புள்ளிகள் இருந்தால், ஒரு காலத்தில் கம்பிப் பிடி போட்டுத் தைத்து, பிறகு அதை எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். அடிப்பாகத்தின் மெருகில்லாத வளையத்தில் மெருகு போன்ற ஏதோ வழிந்திருந்தால் அதுவும் சந்தேகத்துக்கு உரியதே.

ஒட்டு வேலை தெரிந்தாலும் மனம் உடைய வேண்டாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள போர்ட்லாந்து ஜாடி என்ற ரோமானியக் கண்ணாடிப் பாத்திரத்தை 1845இல் ஒருவர் உடைத்து நூற்றுக்கணக்கான துண்டுகளாக்கினார். அப்போது ஒட்டியதில் 37 சில்லுகள் சேர இடமில்லாமல் மிஞ்சின. 1940களின் கடைசியில் பிரித்து மறுபடி ஒட்டினார்கள், 1980களின் கடைசியில் மூன்றாம் முறையாக ஒட்டினார்கள். எப்போது என்ன நடந்தது என்ற பதிவு இருக்கிறது. இன்றும் அது உலகின் மிகப் புகழ்பெற்ற பழங்காலக் கண்ணாடிப் பாத்திரங்களில் ஒன்று.

உங்கள் மகனுக்கு: காமிக்ஸில் முதலில் அட்டையின் மடிப்பையும் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அச்சு நிறம் லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஸ்கெட்ச் பேனாவால் தொட்ட இடம் புள்ளியில்லாத ஒரே நிறமாக இருக்கும், உள்பக்கம் திருப்பினால் நிறம் ஊறியிருக்கும். ஓரம் நைந்ததை வெட்டிச் சீராக்கியிருந்தால் அதே இதழின் இன்னொரு படியைவிட அகலம் குறையும். 1950களுக்குப் பிறகு காகிதங்களில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் சேர்க்கும் வழக்கம் பரவியது, அது புற ஊதாவில் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். 1940க்கு முந்தைய இதழில் ஒரு மூலை மட்டும் அப்படி மின்னினால் அது பின்னால் வைத்த ஒட்டு. சி.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனம் சீரமைத்த இதழ்களுக்குத் தனியாக ஊதா நிறச் சீட்டே தருகிறது. தபால்தலையில் பசையைப் புதிதாகத் தடவியிருந்தால் பற்களின் நுனி விறைப்பாக, பசை கோத்து இருக்கும். அசல் தலையில் பசை தடவிய பிறகே துளையிட்டிருப்பார்கள் என்பதால் நுனி மென்மையாக, நாரோடு இருக்கும். காகிதம் மெலிந்த இடங்களைக் கறுப்புத் தட்டில் நீர்க்குறி திரவம் (காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறியைக் காட்டும் திரவம்) விட்டுப் பார்ப்பார்கள், மெலிந்த இடம் கருமையாகத் தெரியும். அந்தத் திரவங்களில் சில எளிதில் தீப்பற்றும், சில மைகளைக் கரைக்கவும் செய்யும். பெரியவர்கள் கூட இல்லாமல் அவன் அதைத் தொட வேண்டாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஓவியத்தைப் பகல் வெளிச்சத்திலும் பக்க வெளிச்சத்திலும் புற ஊதாவிலும் ஒரே கோணத்தில் படம் எடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். கையெழுத்தை லென்ஸ் வழியே தனியாக எடுங்கள். விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள்: டச்-அப் எங்கெல்லாம் உண்டு, துணி ஒட்டியது உண்டா, ஜாடியில் நிரப்பல் உண்டா, செய்தவரின் குறிப்பு இருக்கிறதா? ‘அசல்’ என்று திரும்பவும் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் ஏற்காதீர்கள். கையெழுத்தில் சந்தேகம் எழுந்தால் மட்டும் எக்ஸ்ரே, அகச்சிவப்பு, நிறமி ஆய்வு வசதியுள்ள ஓவியப் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போங்கள். வானத்துத் திட்டுகளுக்காக அந்தச் செலவு வேண்டாம்.

ஜாடியை உள்ளே விளக்கு வைத்துப் பார்த்து முடிக்கும்வரை அதில் தண்ணீர் ஊற்றவோ, வெந்நீரிலும் சோப்பிலும் கழுவவோ வேண்டாம். பழைய விலங்குப் பசையால் ஒட்டியிருந்தால் ஈரத்திலேயே இளகிக் கழன்றுவிடும். தூக்கும்போது கைப்பிடியையோ கழுத்தையோ பிடிக்காமல் அடியில் ஒரு கையும் பக்கத்தில் ஒரு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.